யார் போட்ட கையெழுத்து

போன வாரம் ஸ்டானிஸ்லாஸைச் சம்பந்தி வீட்டுக் கேட்டுக்கு முன்னால், ஒரு கையில் பழக்கூடையும் மறு கையில் குடையுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். மனிதர் ஒரு வாரமாக வெயிலில் நிற்கிறார். முதல் வேலையாக அவரை உள்ளே கூப்பிட்டுவிடுவோம்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறீர்கள் என்றால் விஷயம் இதுதான். ஸ்டானிஸ்லாஸ் பிரிக்பீல்ட்ஸ்காரர். முப்பத்தைந்து வருஷம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கேரன். அவள் கிள்ளான் தனேஷை இந்துக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து தாய் லூசி அவளோடு பேசுவதில்லை. பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது கேரனுக்கு ஒன்பதாம் மாதம். தாய்வீடு போட வேண்டிய வளையலை, தாய்வீடு முறைத்துக்கொண்டு இருப்பதால், மாமியார் லோகேஸ்வரியே போட முடிவு செய்துவிட்டார். நம்மவருக்கு மனசு கேட்கவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நண்பர் வீட்டுக்குப் போவதாக லூசியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி வந்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி! கேட்டைக் காத்துக்கிட்டு என்ன, ஜாகா வேலைக்கா வந்திருக்கீங்க?" என்று லோகேஸ்வரி சிரித்துக்கொண்டே வந்து பழக்கூடையை வாங்கிக்கொண்டார்.

கூடம் முழுக்கப் பெண்கள். நடுவில் நாற்காலியில் கேரன். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். அப்பாவைக் கண்டதும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்று, வாயால் மூச்சு இழுத்தாள்.

"என்னம்மா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"மூச்சு வாங்குதுப்பா. படுத்தா நெஞ்சை அடைக்குது. பத்து நாளா சேர்ல உக்காந்துதான் தூங்கறேன்."

"பிள்ளை மேல ஏறி நிக்குது, அப்படித்தான் இருக்கும்" என்றாள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். "கால் வீக்கமெல்லாம் நீர்தான், பிள்ளை பொறந்ததும் வடிஞ்சிடும்" என்றார் லோகேஸ்வரி. ஸ்டானிஸ்லாஸும் தன் பங்குக்கு, "உங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். லூசிக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. மகளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து வாயில் வந்ததைச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து அவர் அன்று முழுக்கத் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறார்.

ஆரத்தித் தட்டு வந்தது. கேரன் எழுந்திருக்கப் பார்த்தாள். "அப்பா, கண்ணு இருட்டுது" என்றாள். அப்படியே சரிந்துவிட்டாள்.

திருஷ்டி என்றது ஒரு குரல். தண்ணீர் தெளி என்றது இன்னொன்று. எலுமிச்சம்பழம் எடுத்து வர யாரோ அடுப்படிக்கு ஓடினார்கள். தனேஷ் யாரையும் கேட்காமல் மனைவியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். அதுவரை அவனை வெறும் மாப்பிள்ளைப் பையன் என்று நினைத்திருந்த ஸ்டானிஸ்லாஸ், முதல்முறையாக அவனை ஆம்பிளை என்று நினைத்தார். இந்த நல்ல அபிப்பிராயம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

காரில் லோகேஸ்வரியின் மடியில் தலை வைத்திருந்த கேரனுக்கு முனகல் இருந்தது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் தள்ளுகட்டிலில் ஏற்றும்போது அதுவும் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்த கதவு ஒன்று திறந்து கட்டிலை விழுங்கிக்கொண்டது. 'ஸோன் மேரா' என்று அதன்மேல் எழுதியிருந்தது. உயிருக்கு ஆபத்தானவர்களை மட்டும் கொண்டுபோகும் இடம்.

கதவு ஆடி ஆடி மூடுவதற்குள் ஸ்டானிஸ்லாஸ் இரண்டு காட்சிகளைப் பார்த்துவிட்டார். ஸ்டூல்மேல் ஏறி நின்ற ஓர் இளைஞன் கேரனின் நெஞ்சைப் பலங்கொண்ட மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தான். அதுவாவது அவருக்குப் புரிந்தது. ஆனால் ஒரு தமிழ் நர்ஸ் இரண்டு கைகளாலும் கேரனின் வயிற்றைப் பிடித்து, இடது பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை இருக்கிற வயிற்றை எதற்கு இப்படி இழுக்கிறார்கள்? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

"சுவாமி? புருஷன் யாரு?" என்று கவுண்டரிலிருந்து ஒருவர் மலாயிலும் தமிழிலுமாகக் கூப்பிட்டார். தனேஷ் ஓடினான். ஒரு தாளை நீட்டினார்கள். பேனாவில் மை வராமல் இரண்டு தரம் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். லோகேஸ்வரி பக்கத்தில் நின்று அவன் தோளைப் பிடித்திருந்தார். நான்கு அடி தள்ளி நின்ற ஸ்டானிஸ்லாஸ் அதைப் பார்த்தார். அந்த நேரத்தில் அது அவர் மனசில் பதியவில்லை.

கொஞ்ச நேரத்தில், ஐந்து நிமிஷமோ ஏழு நிமிஷமோ, சிவப்புக் கதவு படாரென்று திறந்தது. இரண்டு பேர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே துணியில் சுற்றிய ஒரு சின்னச் சிவப்பு உருவம்.

"பேபி! பெண் பேபி!" என்று சொல்லிக்கொண்டே ஒரு நர்ஸ் கூட ஓடினாள்.

"என் மக?" என்று கேட்டார் ஸ்டானிஸ்லாஸ்.

"ட்ரீட்மென்ட் நடக்குது, அங்கிள்" என்றபடி அவள் லிஃப்டுக்குள் மறைந்தாள்.

ரயில்வே மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. மகள் உள்ளே போகும்போது மூச்சு இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகவே இல்லை. அதற்குள் பிள்ளையை வெட்டி வெளியே எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் பெரிய உயிரைக் கைவிட்டுவிட்டுச் சின்ன உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்ய யாராவது சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். இப்போது அந்தத் தாள் ஞாபகம் வந்தது. தனேஷின் கையெழுத்து. தோளைப் பிடித்திருந்த லோகேஸ்வரி.

கணக்கு ஒவ்வொரு வரியாகச் சரியாகத்தான் வந்தது. விடைதான் தப்பு. ஆனால் அதை அவருக்குச் சொல்ல அங்கே நாம் இல்லையே.

ஃபோன் அடித்தது. லூசி.

"எங்க இருக்கீங்க? சாப்பாட்டுக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"கிள்ளான்ல இருக்கேன்."

"வளையல் போட்டாச்சா?" என்றாள். அவளுக்குத் தேதி தெரிந்திருக்கிறது!

"லூசி, பிள்ளை பொறந்துடுச்சு. பொம்பளைப் பிள்ளை."

"அதுக்குள்ளயா? கேரன் எப்படி இருக்கா?"

"அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். உடனே கிள்ளான் பங்கு ஆலயத்து நம்பரைத் தேடிப் பிடித்து, நோயாளிக்குப் பூசும் எண்ணெயோடு வரும்படி சாமியாரைக் கூப்பிட்டார். அதுவரைக்கும் நிதானம் இருந்தது. ஃபோனைப் பையில் போட்டதும் போய்விட்டது. நேராகத் தனேஷிடம் போனார்.

"யாரைக் கேட்டுக் கையெழுத்து போட்ட?"

தனேஷ் நிமிர்ந்து பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. "என்ன கையெழுத்து அங்கிள்?"

"பிள்ளைய எடுத்தா போதும், அவ போனா போவட்டும்னு போட்டியே, அந்தக் கையெழுத்து. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்லே? நான் அவளைப் பெத்தவன்டா!"

"அங்கிள், அது..."

"சம்பந்தி, வார்த்தைய அளந்து பேசுங்க" என்று லோகேஸ்வரி நடுவில் வந்தார். "எம்மவன் பொண்டாட்டிய சாகச் சொல்லிக் கையெழுத்து போடுவானா?"

"உங்களுக்குப் பேத்தி வந்துடுச்சு. எனக்கு என்ன இருக்கு?"

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்றவர், "பொஸ், ஸ்லோ சிக்கிட் லா" என்று குரலைத் தணிக்கச் சொல்லிக் கைகாட்டினார். சரியாக அந்த நேரம் பார்த்து வெள்ளை அங்கியும் கழுத்தில் ஊதாத் துண்டுமாக ஃபாதர் ரோனி உள்ளே வந்தார். சின்ன வயசு. கையில் கட்டைவிரல் அளவு எண்ணெய்ச் சிமிழ்.

லோகேஸ்வரிக்கு முகம் மாறிவிட்டது.

"இவரை யாரு கூப்பிட்டது?"

"நான்தான்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அடப்பாவி மனுஷா! உயிர் போறதுக்கு முன்னாடியே அவஸ்தை பூசக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? போர்ட் கிள்ளான்ல எங்க பக்கத்து வீட்டு ஆன்டிக்குக் காலைல எண்ணெய் பூசுனாங்க, சாயந்திரம் எடுத்துட்டாங்க. எம்மருமவ இன்னும் உள்ள போராடிக்கிட்டு இருக்கா. நாங்களா கைவிட்டோம்? நீங்கதான் கைவிட்டீங்க!"

"ஆன்டி, இது வழியனுப்பறதுக்கு இல்ல" என்றார் ஃபாதர் ரோனி. "நோயாளி சுகமாகணும்னு பூசறது. பூசி எழுந்து வீட்டுக்குப் போனவங்க நிறையப் பேர் இருக்காங்க."

லோகேஸ்வரி அவரை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். ஸ்டானிஸ்லாஸுக்கோ எதை நம்புவது என்றே தெரியவில்லை. கைவிட்டது யார், பிடித்துக்கொண்டிருப்பது யார்? ஆளுக்கு ஆள் மற்றவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேரனைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சிவப்புக் கதவு திறந்தது. வயிற்றை இழுத்துப் பிடித்திருந்த அந்த நர்ஸ் வந்தாள். சட்டையில் ரத்தம். மார்பில் 'தாமரை' என்று பெயர் குத்தியிருந்தது.

"கேரன் குடும்பம் யாரு? நீங்கதானா இவ்வளவு சத்தம்?" என்றாள். "பல்ஸ் வந்துடுச்சு. தையல் போடத் தியேட்டருக்குக் கொண்டு போறாங்க."

தனேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பல்ஸ் வந்துடுச்சா?" ஸ்டானிஸ்லாஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். "அவளை விட்டுட்டுத்தானே பிள்ளைய எடுத்தீங்க?"

"யாரு சொன்னா? அம்மாவுக்காகத்தான் எடுத்தோம்."

"புரியலைம்மா."

தாமரை அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். "அங்கிள், இவ்வளவு பெரிய வயிறோட மல்லாக்கப் படுத்தா, முதுகுப் பக்கம் இருக்கற பெரிய ரத்தக்குழாய் மேல பாரம் உக்காந்துக்கும். ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பாது. நாங்க மேல எவ்வளவு அமுக்கினாலும் பிரயோஜனம் இல்ல. ஹோஸை மிதிச்சிக்கிட்டுப் பைப்பைத் திறந்தா தண்ணி வருமா?"

"வராது."

"அதான் வயித்தை இடது பக்கமா தள்ளிப் பிடிச்சுக்கிட்டே நெஞ்சை அமுக்கினோம், ஷாக் வச்சோம். நாலு நிமிஷம் பார்ப்போம். இதயம் திரும்பலைன்னா உடனே அந்த இடத்துலயே பேபிய எடுத்துடணும். தியேட்டருக்குத் தூக்கிட்டுப் போக நேரம் கிடையாது. பேபி வெளிய வந்து ரெண்டாவது நிமிஷம் துடிப்பு வந்துச்சு. பேபிக்கும் அதுதான் நல்லது, மேல வார்டுல வச்சுப் பார்த்துக்கறாங்க. ஆனா முதல் காரணம் அம்மா."

"அப்ப... கையெழுத்து யாரு போட்டது?"

"யாரும் போடலை. கேட்கவும் இல்லை. நீங்க மூணு பேரும் வெளிய நின்னு யோசிச்சுச் சொல்றதுக்குள்ள உயிர் போயிடும். டாக்டர் அவங்களா முடிவெடுத்துச் செய்யறதுதான் முறை."

தனேஷ் தரையிலிருந்தபடியே ஒரு தாளின் நகலை நீட்டினான். மனைவியின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி. பதிவுத் தாள். அவ்வளவுதான்.

ஸ்டானிஸ்லாஸ் அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வெட்கமாக இருந்தது. குனிந்து மருமகனின் கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். தனேஷ் அவர் தோளில் சாய்ந்து அழுதான்.

"இதயத் தசை பலம் குறைஞ்சு போயிருக்குன்னு டாக்டர் சந்தேகப்படறாங்க" என்றாள் தாமரை. "கர்ப்பத்துல சிலருக்கு வரும். மூச்சு வாங்குதுன்னு ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா" என்றார் லோகேஸ்வரி மெதுவாக. "நாங்கதான் ஆளாளுக்குக் காரணம் சொல்லி வாயை அடைச்சிட்டோம்."

சாயந்திரம் ஐந்தரை மணிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூப்பிட்டார்கள். இனி இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார் டாக்டர், தலையில் துடோங் முக்காடு கட்டிய இளம்பெண். மலாயில் நிதானமாகச் சொன்னார். மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறோம். துடிப்பு நின்ற நேரத்தில் மூளைக்கு ரத்தம் போதவில்லையா என்பது அவள் விழித்தால்தான் தெரியும். பழகிய குரல் கேட்டால் நல்லது. ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பேசுங்கள்.

முதலில் ஃபாதர் ரோனி போய் நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டு வந்தார். லோகேஸ்வரி இடுப்பில் முடிந்திருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து, "இதையும் பூசலாமா?" என்று கேட்டார். ஃபாதர் தாமரையைப் பார்த்தார். "டியூப்ல படாம கொஞ்சமா வைங்க ஆன்டி" என்றாள் அவள்.

தனேஷ் போனான். கண்ணாடிக்கு வெளியே நின்று மற்ற இருவரும் பார்த்தார்கள். பேசினான், கையைத் தடவினான். கேரன் அசையவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் போனார். வாயில் குழாய், சுற்றிலும் வயர். மகளின் கையில் ஒரு வளையல்கூட இல்லை. "கண்ணு, அப்பா வந்திருக்கேன்மா" என்றார். சின்ன வயசில் அவளைத் தூங்க வைக்கச் சொல்லும் செபத்தைச் சொன்னார். 'அவ அம்மாவுக்கும் இப்படித்தான் என்று நான் சொன்ன பொய்க்கு அவளைத் தண்டிக்காதே' என்று மனசுக்குள் வேண்டினார். அவளுடைய இமை அசையவில்லை. டாக்டர் ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு லோகேஸ்வரி. அந்த அம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது. விபூதியைத் தொட்டு வைத்தார், கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். தினமும் காலையில் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் அதட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"கேரன்! மணி என்ன ஆச்சு பாரு, இன்னும் என்ன தூக்கம்? எழுந்து பசியாற வா. தோசை ஆறிப்போவுது!"

கேரனின் புருவம் சுருங்கியது. இமை பிரிந்தது. டாக்டர் குனிந்து தன் விரலை அவள் உள்ளங்கையில் வைத்து, அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். விடச் சொன்னார். விட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து கண்ணாடிப் பக்கம் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். தனேஷ் ஓவென்று அழுதான். ஸ்டானிஸ்லாஸும் அழுதார். மகள் பிழைத்துவிடுவாள் என்ற சந்தோஷம் நெஞ்சை முட்டியது. நான் கூப்பிட்டபோது ஏன் விழிக்கவில்லை என்ற ஒரு சின்ன வலியும் கூடவே இருந்தது. அப்பன் மனசு அப்படித்தான், அதை யாரால் என்ன செய்ய முடியும்?

லிஃப்ட் கதவு திறந்தது. லூசி வந்தாள்.

காலைப் பூசைக்குக் கட்டிய அதே சேலை. கையில் பர்ஸ்கூட இல்லை. வெறும் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளைத் தியேட்டருக்குக் கொண்டுபோன நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் ஆஸ்பத்திரிப் பெயரை மட்டும் அதற்கு அனுப்பியிருந்தார். வழியெல்லாம் அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"உயிரோட இருக்காளா?"

"இருக்கா லூசி. இப்பத்தான் கண்ணு முழிச்சா."

லூசி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"முழிச்சதும் என்னைக் கேட்டாளா?"

வாயில் குழாய் இருக்கிறது, அவளால் யாரையும் கேட்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஸ்டானிஸ்லாஸுக்கு அது வாயில் வரவில்லை. மாமியார் குரலுக்கு விழித்தாள் என்று சொல்லவும் முடியவில்லை. அவர் தவித்துக்கொண்டு நின்றபோது, கண்ணைத் துடைத்தபடி லோகேஸ்வரி வெளியே வந்தார். லூசியை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது.

"நாங்க மூணு பேரும் கூப்பிட்டுப் பார்த்தோம் சம்பந்தியம்மா" என்றார் லோகேஸ்வரி. "கண்ணைத் தொறந்து சுத்தி சுத்திப் பார்க்கறா. நாங்க யாரும் இல்ல அவ தேடற ஆளு. உள்ள போங்க, நீங்க ஒரு குரல் கொடுங்க."

ஸ்டானிஸ்லாஸ் அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் இவரைப் பார்க்காமல் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

லூசி கதவுவரை போனாள். கைப்பிடியில் கையை வைத்துவிட்டு நின்றாள். பிறகு கணவனைப் பார்க்காமல், லோகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள்.

"பதினாலு மாசமாச்சு" என்றாள். "நான் என்னன்னு சொல்லிக் கூப்பிடுவேன்?"